அம்ரோன் ஓமாரின் சிலாட் வீரர்கள்: மலாய் ஆண்மைக்கு வாழ்த்தா, அதன் மீதான ஐயமா?

தூரிகை (கேள்வி):
மலேசிய ஓவியத்தில் மலாய் ஆண் எப்படிக் காட்டப்பட்டிருக்கிறான் என்று ஆய்வேடு ஒன்றுக்காகப் படித்து வருகிறேன். ஓவியர் அம்ரோன் ஓமாரின் ‘பெர்த்தாருங்ஙான்’ (மோதல்) வரிசைச் சண்டை ஓவியங்களை, மலாக்கா அரசவையின் புகழ்பெற்ற வீரனான ஹங் துவாவிலிருந்து வரும் வீரமரபுக்குப் பாடிய வாழ்த்தாகவே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு. மலாய்த் தற்காப்புக் கலையான சிலாட்டின் வீரர் இருவர் மோதும் அந்தப் படங்களில் அரசனும் இல்லை, அரண்மனையும் இல்லை; பின்னணி பெரும்பாலும் வெறுமையாகவே விடப்பட்டிருக்கிறது. யாருக்காக இவர்கள் மோதுகிறார்கள்? வேறு எந்தக் கலைஞர்களை அவருக்கு அருகில் வைத்துப் படிக்கலாம் என்பதையும் அறிந்தவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

சுவரோவியன்:
அந்தப் படங்கள் பிறந்த காலத்தை ஒதுக்கிவிட்டு இதற்கு விடை தேட முடியாது. 1969 மே 13 இனக்கலவரத்துக்குப் பின், 1971-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் கூடிய தேசியப் பண்பாட்டு மாநாடு, நாட்டின் பண்பாடு இம்மண்ணின் பூர்வீகப் பண்பாட்டை அடித்தளமாகக் கொள்ள வேண்டும் என்றும், இஸ்லாம் அதில் முக்கியக் கூறாக இருக்க வேண்டும் என்றும் வகுத்தது. அம்ரோன் பயின்ற மாரா தொழில்நுட்பக் கழகத்தின் கலைப்பள்ளி, பூமிபுத்ரா (மலாய்க்காரரும் பிற பூர்வகுடிகளும்) மாணவர்களுக்காக 1967-இல் தொடங்கப்பட்டது. அங்கிருந்து வந்த ஓர் இளைஞர் சிலாட்டைக் கருப்பொருளாக எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. காற்று அந்தப் பக்கம்தான் வீசியது. ஆனால் முந்திய தலைமுறையின் ஹுசைன் எனாஸ் மலாய்ப் பெண்களின் எழிலை வரைந்தே பெயர்பெற்றார் என்றால், அம்ரோன் ஆண் உடலின் பாரத்தையும் மூட்டின் திருகலையும் கூர்ந்து படித்து வரைந்தார். எடுத்துக்கொண்ட பொருள் அரசின் கொள்கையோடு ஒத்துப்போனது. வரைந்த கை அதற்குக் கட்டுப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

கரித்துண்டு:
சுவரோவியன் சொல்லும் வரலாறு சரியே, ஆனால் கேள்விக்கு விடை ஹங் துவாவின் கதைக்குள்ளேயே இருக்கிறது. ‘ஹிக்காயாட் ஹங் துவா’ என்னும் பழைய மலாய்க் காவியத்தில் ஹங் துவா கொல்வது தன் உயிர்த் தோழன் ஹங் ஜெபாட்டை, ‘செஜாரா மெலாயு’ என்னும் மலாய் அரச வரலாற்று நூலில் கொல்லப்படுபவன் ஹங் கஸ்தூரி. பெயர் மாறினாலும், அரசனின் ஆணைக்காகத் தோழனைக் கொன்றவனே வீரன் என்பது மாறுவதில்லை. அப்படிப்பட்ட மரபில் வந்த அம்ரோன், ஒரே வகை உடையில், ஏறக்குறைய ஒரே உடற்கட்டில் இருவரை மோதவிட்டு, வென்றவன் யார் என்பதைக் காட்டாமல் விடுகிறார் என்றால், அதை வாழ்த்து என்று என்னால் படிக்க முடியவில்லை.

இவரோடு சேர்த்துப் படிக்க வேண்டியவர் அகமட் ஸக்கி அன்வார். 1955-இல் ஜொகூர் பாருவில் பிறந்து, விளம்பரத் துறையில் பணியாற்றிவிட்டு ஓவியத்துக்கு வந்தவர். அவர் கரித்துண்டால் வரைந்த ஆண் நிர்வாண உடல்களில் சொங்கோக் தொப்பி இல்லை, இடையில் சம்பின் துணி இல்லை, கையில் கிரிஸ் என்னும் குறுவாளும் இல்லை. மலாய் ஆணை அடையாளம் காட்டும் பொருள்கள் அத்தனையும் போன பிறகு எஞ்சுவது தோளும் முதுகும் கரியின் நிழலும் மட்டுமே. அம்ரோன் வீரனிடமிருந்து அரசனை நீக்கினார். ஸக்கி வீரனையே நீக்கிவிட்டார். உங்கள் ஆய்வேட்டின் நடு அத்தியாயம் இதுவாக இருக்கலாம் என்பது என் கருத்து.

திரைச்சீலை:
ஓவியத்தோடு நிறுத்திவிடாதீர்கள். சிங்கப்பூரில் பிறந்த மிங் வோங் 2005-இல் உருவாக்கிய ‘நான்கு மலாய்க் கதைகள்’ என்னும் காணொளிப் படைப்பில், மலாய்த் திரையின் புகழ்பெற்ற நடிகரும் இயக்குநருமான பி. ரம்லியின் நான்கு படங்களில் வரும் 16 பாத்திரங்களை, ஆண் பெண் என்ற வேறுபாடின்றி, தாமே நடித்தார். அவற்றுள் ஒன்றான ‘இபு மெர்த்துவாக்கு’வின் நாயகன் வாளேந்துபவன் அல்லன், சாக்ஸஃபோன் வாசிப்பவன், இறுதியில் தன் கண்களை முட்கரண்டிகளால் தானே குத்திக்கொள்கிறான். மலாய்த் திரையின் மிகப் பெரிய ஆண் நாயகன் கண்ணீராலும் நினைவில் நிற்கிறான் என்பதை ஏனோ பலர் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. மேலும், மலேசியக் கலைஞர் அகமட் ஃபுவாட் ஓஸ்மான் 2007-08-இல் செய்த படவரிசையையும் பாருங்கள். பழைய வரலாற்றுப் புகைப்படங்களுக்குள், இன்றைய உடையில், தாமும் ஓர் ஆளாகப் புகுந்து நிற்கிறார்.

சுவரோவியன்:
ஃபுவாட் சரி. மிங் வோங் சீனர். மலாய் ஆண்மையைப் பற்றிய ஆய்வில் அவரை எங்கே வைப்பது?

திரைச்சீலை:
பி. ரம்லி ஹங் துவாவாக நடித்த 1956-ஆம் ஆண்டுப் படத்தை இயக்கியவர் வங்காளியான பணி மஜும்தார். அதற்கு முன் 1950-இல் ‘பக்தி’ படத்தில் ரம்லியை முதன்முதலாகக் கதாநாயகனாக்கியவர் நம்மவரான எல். கிருஷ்ணன், படங்களைத் தயாரித்தது சீனர்களான ஷா சகோதரர்களின் நிறுவனம். ஹங் துவாவுக்குத் திரையில் முகம் கொடுத்தவர்களிடையே மலாய்க்காரர் அல்லாதார் இத்தனை பேர் இருக்கும்போது, அந்த முகத்தை மீண்டும் அணிந்து பார்ப்பவர் மட்டும் மலாய்க்காரராக இருந்தாக வேண்டும் என்பதற்கு என்ன காரணம் சொல்வீர்கள்?