கேலக்ஸி எஸ்25 எட்ஜ்: இவ்வளவு மெலிதாக இருப்பது நல்லதா?

வெண்பனி:
சாம்சங்கின் இந்த எட்ஜ் போனை வாங்கலாமா என்று கேட்கிறவர்கள் பேட்டரி அளவைப் பார்த்ததுமே பின்வாங்கிவிடுகிறார்கள். நான் எடைக்காகவே வாங்கினேன். 6.7 அங்குலத் திரை, ஆனால் 163 கிராம்தான், தடிமன் 5.8 மில்லிமீட்டர். இதற்கு முன் வைத்திருந்த போன் 220 கிராமுக்கு மேல். இரவில் படுத்துக்கொண்டு படிக்கும்போது சுண்டுவிரலை அடியில் முட்டுக்கொடுத்துத்தான் பிடிக்க வேண்டும், அரை மணி நேரத்தில் விரல் மரத்துப்போய் அந்த இடத்தில் பள்ளம் விழுந்திருக்கும். இப்போது அந்தத் தொல்லை இல்லை.

கருங்காலி:
எடை குறைந்தது சரி, எதை எடுத்துவிட்டுக் குறைத்தார்கள்? அதே அளவு திரை உள்ள எஸ்25 பிளஸ்ஸில் பேட்டரி 4,900 எம்ஏஎச் (அதில் எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்பதன் அளவு), இதில் 3,900. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, 800 முறை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் பேட்டரியின் முதல் கொள்ளளவில் 80 சதவீதமாவது மிஞ்ச வேண்டும். அந்த அளவை வைத்தே கணக்குப் போடுங்கள். 4,900-இல் 80 சதவீதம் 3,920. அதாவது இரண்டு மூன்று வருடம் உழைத்துத் தேய்ந்த பிளஸ்ஸும், பெட்டியிலிருந்து இப்போதுதான் எடுத்த எட்ஜும் ஒன்று! எட்ஜ் அதே அளவு தேய்ந்தால் 3,120தான். ஏழு வருடம் அப்டேட் உண்டு என்கிறார்கள், நான்காவது வருடமே மதியத்தில் சார்ஜரைத் தேடினால் அந்த அப்டேட் எதற்கு?

வெண்பனி:
கணக்கை மறுக்கவில்லை. ஆனால் நாள் முழுக்க வெளியே அலைகிறவருக்கும் மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்கிற எனக்கும் ஒரே மாதிரியா சார்ஜ் தீரும்? காலை ஏழு மணிக்கு எடுத்தால் இரவு ஒன்பதுக்கு 25 சதவீதம் மிச்சம் இருக்கிறது. பேட்டரியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், எடையை எப்படிக் குறைப்பீர்கள்?

நெய்தல்:
எனக்குக் கேமராதான் உறுத்துகிறது. 200 மெகாபிக்சல் என்றாலும் சாதாரணமாக எடுக்கும்போது 16 பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படமாகத்தான் தரும். அது குறையே இல்லை, வெளிச்சம் குறைந்த இடத்தில் அதுதான் கைகொடுக்கிறது. இரண்டு மடங்கு ஜூம் வரை நடுப்பகுதியை வெட்டியெடுத்துச் சமாளித்துவிடும். அதற்கு மேல் போனால்? பிளஸ்ஸில் தூரத்தில் இருப்பதை நெருக்கி எடுக்கும் டெலிபோட்டோ கேமரா, 3 மடங்கு ஜூமோடு, தனியாக இருக்கிறது, இதில் கிடையாது. டெலிபோட்டோ இல்லாத என் பழைய போனில், மேடையில் ஆடிய மகளைக் கடைசி வரிசையிலிருந்து எடுத்தேன். முகம் மெழுகு பூசியது போல வந்தது, கண் எது புருவம் எது என்றே தெரியவில்லை. அந்த நாள் திரும்ப வராது.

கருங்காலி:
அப்புறம் சார்ஜிங். பேட்டரி சின்னது, சரி, வேகமாகவாவது ஏற வேண்டாமா? பிளஸ்ஸுக்கு 45 வாட், இதற்கு 25.

வெண்பனி:
அந்த 25 வாட்டுக்கு என்னிடம் பதில் இல்லை, அது குறைதான். நெய்தல், மகளின் நிகழ்ச்சிகளைத்தான் அதிகம் எடுப்பீர்கள் என்றால் இது உங்களுக்கு வேண்டாம், பிளஸ் வாங்குங்கள். மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கு மட்டும் எட்ஜை அடித்துச் சொல்வேன். கவரும் போடாதீர்கள், தடித்த கவர் 30 கிராம் சேர்த்துவிட்டால் இதை வாங்கியதே வீண்.

நெய்தல்:
மணிக்கட்டு வலியும் இருக்கிறதே, அதுதான் சிக்கல். கடையில் இரண்டையும் ஒரு கையால் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து ஐந்து நிமிடம் படித்துப் பார்க்கப் போகிறேன்.