மறு: ஜாம்பி – நடைப்பிணமா, உயிர்மருட்டியா?

அன்புடையீர்,

பாடப்பகுதியை வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டியிருப்பதால், இதுவரை வந்த மடல்கள் அனைத்தையும் மீண்டும் படித்துவிட்டு எழுதுகிறேன். நாவல் திரைப்படமாவதைப் பற்றிய அந்த அலகில், ஜார்ஜ் ரொமேரோவின் 1968ஆம் ஆண்டுப் படத்துக்கு ('நைட் ஆஃப் த லிவிங் டெட்') வந்தபோதுதான், செத்தபின் எழுந்து நடமாடும் 'ஜாம்பி'க்குத் தமிழில் எந்தச் சொல்லை எழுதுவது என்று தெரியாமல் எனக்குக் கை நின்றுவிட்டது.

'சாம்பி' என்றே எழுதலாம், சாம்புதல் என்றால் வாடுதல், அது சாதலோடு உறவுடையது என்று நம் குழுவின் ஐயா ஒருவர் மூன்று மடல்களில் விரித்திருந்தார். ஆனால் இச்சொல் கரீபியன் நாடான ஹெய்ட்டியிலிருந்து வந்தது. அதன் வேரைக் காங்கோப் பகுதி மொழிகளில் காண்பர். ஒலி ஒத்திருப்பதை மட்டும் வைத்து வேர் கூற எனக்கு மனம் ஒப்பவில்லை.

குழுவின் அம்மையார் ஒருவர் தந்த 'உயிர்மருட்டி' என்னை இரண்டு நாள் விடவில்லை. "மரப்பாவை நாணால் உயிர்மருட்டி யற்று" (குறள் 1020) என்பதில் (கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவை உயிருள்ளதுபோல் மயக்குவது) அது வினையெச்சம்; எனினும் 'வழிகாட்டி' போலப் பெயராகக் கொள்வதற்குத் தடையில்லை. ஹெய்ட்டியின் பழைய நம்பிக்கையில் ஜாம்பி யாரையும் கடித்துத் தின்பதில்லை. மந்திரவாதி எழுப்பிய பிணமாய், அவன் ஏவியபடி ஓயாது உழைக்கும். 1932இல் வந்த 'ஒயிட் ஜாம்பி' படத்தில், கரும்பாலையில் ஒருவன் இயந்திரத்துக்குள் விழுகிறான். செக்கைச் சுற்றி நடக்கும் மற்றவர்கள் தலையைக்கூடத் திருப்புவதில்லை. அந்தக் காட்சிக்கு 'உயிர்மருட்டி'யை விடப் பொருத்தமான சொல் கிடையாது.

ரொமேரோவின் படமோ வேறு வகை. அதற்குத் தூண்டுதலாக அவரே குறிப்பிட்ட ரிச்சர்ட் மேத்சனின் 'ஐ ஆம் லெஜெண்ட்' நாவலில் (1954) வருபவை நோயால் உருவான இரத்தக் காட்டேரிகள். பூண்டுக்கும் பகலுக்கும் அஞ்சுபவை. திரையில் அவை ஊன் தின்னும் பிணங்களாயின. படத்தில் யாரும் 'ஜாம்பி' என்ற சொல்லை உச்சரிப்பதே இல்லை என்பதையும் கருத வேண்டும். ஊன் தின்பதால் 'கூளி' போதும், போர்ப் பாட்டான பரணியிலேயே இருக்கிறதே என்று ஒருவர் எழுதினார். கூளி முகமறியாத பேய். இங்கே வருவதோ உடன்பிறந்த அண்ணன். தொடக்கத்தில் கல்லறைத் தோட்டத்தில் இறந்தவன், இறுதியில் கதவு வழியே வந்து தங்கையை இழுத்துக்கொண்டு போகிறான். அவன் நம்மவனாக இருந்து செத்தவன் என்பதை விடாமல் சொல்லும் சொல் 'நடைப்பிணம்' ஒன்றே. துயரத்தில் ஒடுங்கியவரை அப்படிச் சொல்வது வழக்கு என்பதால் குழப்பம் வரும் என்கிறீர்கள். அந்த வழக்கினால்தான் மாணவருக்கு அகராதி தேவைப்படாது என்பது என் எண்ணம்.

ஆகவே 'நடைப்பிணம் (ஜாம்பி)' என்று முதலிடத்தில் எழுதி, ஹெய்ட்டி பற்றிய பத்தியில் மட்டும் 'உயிர்மருட்டி'யை வைத்து அனுப்புகிறேன். 2002இல் வந்த '28 டேஸ் லேட்டர்' படத்தின் தொற்றாளர்கள் (நோய் தொற்றி வெறிகொண்டவர்கள்) சாகவுமில்லை, நடக்கவுமில்லை, ஓடுகிறார்கள். அவர்களுக்கு 'நடைப்பிணம்' எவ்வாறு பொருந்தும் என்ற அம்மையாரின் கேள்விக்கு என்னிடம் விடையில்லை. அந்தப் பத்தியை இப்போதைக்கு வெறும் 'தொற்றாளர்' என்றே விட்டிருக்கிறேன். வியாழன் இரவுக்குள் யாரேனும் வேறு சொல் தந்தால் மாற்றிவிடுவேன்.

அன்புடன்