நாலு பேருக்கு ராத்திரி டிபன், குறைந்த செலவில்: செய்து பழகியவர்கள் அளவோடு எழுதுங்கள்

வைகைக்கரை:

"சிம்பிளா ஒரு கிச்சடி கிண்டிடுங்க" என்கிற மாதிரி ஒற்றை வரிப் பதில் இந்த இழைக்கு வேண்டாம். எத்தனை டம்ளர், எவ்வளவு தண்ணீர், எத்தனை விசில், எந்த இடத்தில் கெட்டுப்போகும், ஏன் கெட்டுப்போகும் என்று எழுதுங்கள். கணக்கு: பெரியவர் இருவர், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருவர். ஆறரைக்கு வீடு திரும்பி எட்டு மணிக்குள் சாப்பிட உட்கார வேண்டும்.

ரேஷன் புழுங்கல் அரிசி மாவிலிருந்து தொடங்குகிறேன். விலையில்லா அரிசியை இட்லி தோசைக்கு மாற்றத் தெரிந்துவிட்டால் வாரத்தில் மூன்று ராத்திரிச் செலவு பாதியாகக் குறைகிறது.

அரிசி 4 டம்ளர், தோல் நீக்கிய முழு உளுந்து 1 டம்ளர், வெந்தயம் 1 டீஸ்பூன். இது கிரைண்டருக்கான அளவு. மிக்ஸியில் அரைப்பதானால் 3 டம்ளருக்கு 1 டம்ளர் உளுந்து. மிக்ஸியில் உளுந்து சூடேறி, பொங்கி வராமல் அடங்கிவிடும். அதற்காகத்தான் உளுந்து கூடுகிறது, குளிர்ந்த தண்ணீரும் தேவைப்படுகிறது. அரிசி ஐந்து மணி நேரம் ஊறட்டும், உளுந்துக்கு இரண்டு மணி நேரம் தாராளம். உளுந்தை அதிக நேரம் ஊறவிட்டால் மாவு காணாது.

வாடை வருகிறது என்று ரேஷன் அரிசியை ஒதுக்குகிறார்கள். தண்ணீர் தெளியும்வரை ஐந்தாறு முறை நன்றாகத் தேய்த்துக் கழுவி, இரண்டு மணி நேரம் ஊறியதும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் மீதி நேரம் ஊறவையுங்கள். வாடை பெரும்பாலும் அந்த முதல் தண்ணீரோடு போய்விடும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கழுவும்போது வெளுப்பாகச் சில மணிகள் மிதக்கலாம். பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறியாதீர்கள். அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து அரிசி வடிவில் பிழிந்தெடுத்த செறிவூட்டப்பட்ட மணிகள் அவை. நூறு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு என்பது கலக்கும் அளவு. பிள்ளைகளுக்குப் போக வேண்டிய சத்து குப்பைக்குப் போவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

கொங்குச்சமையல்:

எங்க பக்கம் அவசர ராத்திரிக்கு அரிசியும் பருப்பும்தானுங்க. ஒரே குக்கர், தனியா குழம்பு வேண்டாம், பொரியல் வேண்டாம்.

நாலு பேருக்கு: அரிசி 2 டம்ளர், துவரம்பருப்பு முக்கால் டம்ளர், சின்ன வெங்காயம் 15, பூண்டு 8 பல், தக்காளி 1, வரமிளகாய் 4, சீரகம் 1 டீஸ்பூன், மஞ்சள்தூள் அரை டீஸ்பூன், கறிவேப்பிலை, மல்லித்தழை. கடுகு, சீரகம், மிளகாய் தாளிச்சு, வெங்காயம், பூண்டு வதக்கி, தக்காளி குழைஞ்சதும் தண்ணி ஊத்தி, கொதி வந்தப்புறம் ஊறின அரிசி பருப்பைப் போட்டு மூடுங்க.

தண்ணிதான் விசயமே. பொன்னி பச்சரிசிக்கு அரிசி பருப்பு சேர்ந்த அளவுக்கு இரண்டரை மடங்கு, அதாவது ஏறக்குறைய 7 டம்ளர், 3 விசில். ரேஷன் புழுங்கல் அரிசின்னா 8 டம்ளர், 5 விசில், அரை மணி நேரம் ஊறியிருக்கணும். சாப்பிடும்போது கொஞ்சம் தளர்வா இருந்தால்தான் ருசி. ஆறினா இறுகிடும், அதனால குக்கர் திறக்கும்போதே கெட்டியா இருந்தா அரை டம்ளர் கொதி தண்ணி ஊத்திக் கிளறிடுங்க. பச்சைத்தண்ணி ஊத்தினா சோறு தனியா தண்ணி தனியா நிற்கும்.

அடி பிடிக்கறது ரெண்டு காரணத்தால: மசாலா அடியில ஒட்டியிருக்கும்போதே தண்ணி ஊத்திச் சுரண்டாம விடறது, கொதி வராம அரிசியைப் போடறது. தொட்டுக்க அப்பளம், ஊறுகாய், இருந்தா தயிர். கடைசியில ஒரு ஸ்பூன் நெய் விட்டா போதும்.

புதுக்குடித்தனம்:

அக்கா, எனக்கு அரிசி குழையுது, பருப்பு மட்டும் முழுசா நிற்குது. ஏன்?

கொங்குச்சமையல்:

பருப்பு பழசா இருக்கலாம் கண்ணு, இல்லைன்னா தக்காளி கூடிப்போச்சு. புளிப்பு பட்டா பருப்பு வேக மறுக்கும். பருப்பை மட்டும் முதல்லயே சுடுதண்ணியில இருபது நிமிஷம் ஊறப்போடுங்க, தக்காளியை ஒண்ணோட நிறுத்துங்க.

காவிரிக்கரை:

மேலே உள்ளதோடு ஒன்று: தண்ணீர். உப்புத்தண்ணீர் வரும் போர்வெல் வீடுகளில் எந்தப் பயறும் லேசில் வேகாது. கடினநீரில் உள்ள கால்சியம் தோலை இறுக்கிவிடுகிறது. ஊறப்போடவும் வேகவைக்கவும் குடிக்கிற தண்ணீரையே எடுங்கள். சமையல் சோடா போட்டால் சீக்கிரம் வேகும் என்பது உண்மைதான், ஆனால் பயறில் உள்ள தயமின் என்கிற பி1 வைட்டமின் அதில் அழிகிறது. பயறு சமைப்பதே சத்துக்காக என்னும்போது அது வீண்.

கேஸ் செலவைப் பற்றி யாரும் பேசவில்லை. 14.2 கிலோ சிலிண்டரைப் பத்து நாள் கூட்டி ஓட்டுவதும் கெடுப்பதும் பயறுதான். காலையில் கிளம்பும்போது 1 டம்ளர் தட்டைப்பயறோ பச்சைப்பயறோ ஊறப்போட்டுவிட்டால் மாலையில் தட்டைப்பயறுக்கு 3 விசில், பச்சைப்பயறுக்கு 1 விசில். கொண்டைக்கடலைக்கு எட்டு மணி நேரமாவது ஊற வேண்டும். முதல் விசில் வந்ததும் தீயைச் சிறிதாக்கி 12 முதல் 15 நிமிடம். பெரிய தீயில் விசில் மேல் விசிலாக விட்டுக்கொண்டிருப்பதில் போவது ஆவியும் காசும் மட்டுமே, உள்ளே வெப்பம் அதற்குமேல் ஏறுவதில்லை. குக்கரில் பயறும் தண்ணீரும் சேர்ந்து பாதிக்கு மேல் வேண்டாம். நுரை பொங்கி வெயிட் துளையை அடைக்கும், அது ஆபத்து. அரை ஸ்பூன் எண்ணெய் விட்டால் நுரை அடங்கும்.

தட்டைப்பயறு குழம்புக்குத் தேங்காய் வேண்டியதில்லை. வெந்த பயறில் ஒரு கரண்டி எடுத்து மசித்துக் குழம்பிலேயே விடுங்கள், கெட்டிப்படும். புளி நெல்லிக்காய் அளவு, பயறு வெந்த பிறகு. கத்தரிக்காய் நாலு போட்டால் சோற்றுக்கும் ஆகும், தோசைக்கும் ஆகும்.

நெல்லைச்சீமை:

அடையை ஏன் விட்டுட்டீங்க? புளிக்க வைக்க வேண்டாம், சட்னி கூட கட்டாயமில்லை, பருப்பு நிறையப் போவுது. காலைல ஊறப்போட்டுட்டுப் போனா சாயங்காலம் அரைச்சு உடனே ஊத்தலாம். ஆனா வெயில் காலத்துல பத்து மணி நேரம் வெளிய ஊறினா தண்ணி நுரைச்சு வாடை வந்துரும், ஃபிரிட்ஜுக்குள்ள வைங்க.

புழுங்கல் அரிசி 2 டம்ளர், துவரம்பருப்பு அரை, கடலைப்பருப்பு அரை, உளுந்து கால். மிளகாய் வத்தல் 7, சோம்பு 1 டீஸ்பூன், பெருங்காயம், உப்பு. முதல்ல வத்தல், சோம்பு, உப்போட அரிசியை ரவைப் பதத்துக்கு அரைச்சுட்டு, பிறகு பருப்பைப் போட்டு ரெண்டு சுத்து. எல்லாத்தையும் ஒண்ணா போட்டா பருப்பு மசிஞ்சிரும், அரிசி முழுசா நிக்கும். முருங்கைக்கீரை ரெண்டு கைப்பிடி, பொடியா நறுக்கின வெங்காயம் ஒண்ணு. கீரை வீட்டு மரத்துல இருந்தா காசே இல்லை.

மாவு தோசை மாவைவிடக் கெட்டியா, கையால தட்டிப் பரப்புற பக்குவத்துல இருக்கணும். கல்லுல விட்டதும் நடுவுல விரலால ஒரு குழி போட்டு அதுலயும் சுத்தியும் எண்ணெய் விடுங்க. குழி இல்லைன்னா ஓரம் கருகும்போது நடு பச்சையா இருக்கும். தீ எப்பவும் மிதம்தான், ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம் ஆகும். திருப்பும்போது பிஞ்சா ஒண்ணு மாவு ரொம்ப கொரகொரப்பு, இல்லை தண்ணி கூடிப்போச்சு. ரெண்டு ஸ்பூன் அரிசி மாவு கலந்து பாருங்க. வரட்டியா விறைப்பா வந்தா கடலைப்பருப்பு அதிகம், அடுத்த தடவை கால் டம்ளராக் குறைச்சுட்டு துவரையைக் கூட்டுங்க.

இந்த அளவுக்குப் பதினாலு அடை வரும். பெரியவங்களுக்கு மூணு போதும், நாலாவது இறங்காது. மிச்ச மாவை ஃபிரிட்ஜுல வச்சா மறுநாள் குணுக்கு போடலாம்.

புதுக்குடித்தனம்:

ரேஷன் பாமாயில்ல அடை சுடலாமா? பாக்கெட்ல பாதி வெள்ளையா உறைஞ்சு கிடக்கு, கெட்டுப்போச்சோன்னு பயமா இருக்கு.

காவிரிக்கரை:

கெடவில்லை. பாமாயில் குளிர்ச்சியில் இப்படித்தான் மங்கி உறையும், மார்கழி தை மாதங்களில் சாதாரணம். பாக்கெட்டை வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்தால் தெளிந்துவிடும். சுடுவதற்கும் பொரிப்பதற்கும் அது நல்லது, சூட்டைத் தாங்கும். தாளிப்பு வாசத்துக்கு மட்டும் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ரேஷனில் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இந்த இரண்டையும் மாதந்தோறும் தவறவிடாமல் வாங்கினாலே மளிகைப் பட்டியல் இறங்கும்.

வைகைக்கரை:

ரவை உப்புமாவை நான் சுருக்கமாக முடிக்கிறேன். வெள்ளை ரவை 1 டம்ளருக்குத் தண்ணீர் இரண்டரை, சம்பா கோதுமை ரவைக்கும் அதே அளவு, ஆனால் மூடி போட்டுச் சிறுதீயில் பத்து நிமிடம் வேகட்டும். ரவையை வறுக்காமல் போட்டால் களியாகும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது தீயைக் குறைத்து, ஒரு கை தூவ, ஒரு கை கிளற வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் வெளிமாவு வெந்து உள்ளே பொடி நிற்கும், அதுதான் கட்டி. காரட், பீன்ஸ் இல்லாவிட்டால் ஒரு பிடி பாசிப்பருப்பை வறுத்து மலர வேகவைத்துச் சேருங்கள், பிள்ளைகளுக்குப் பசி தாங்கும்.

வலிகாமம்:

யாழ்ப்பாணத்துப் பக்கத்து இரவுச் சாப்பாடும் ஒன்று எழுதுகிறேன். பிட்டும் சொதியும்.

வறுத்த சிவப்பரிசி மா 2 கப், அவித்த கோதுமை மா 1 கப், தேங்காய்ப்பூ (துருவிய தேங்காய்) 1 கப், உப்பு. கோதுமை மாவைத் துணியில் கட்டி முக்கால் மணித்தியாலம் அவித்து, சூடு ஆறமுன்னம் அரித்து வைத்தால் ஒரு கிழமைக்கு (வாரத்துக்கு) காணும். அவிக்காத கோதுமை மா போட்டால் பிட்டு பசை மாதிரிக் கட்டிபடும், ஒருவராலும் விழுங்க ஏலாது.

கொதிநீரைச் சிறிது சிறிதாக விட்டு அகப்பைக் காம்பால் குழையுங்கோ. ஒரேயடியாக விட்டால் மா களியாகும், பிறகு வழியில்லை. கையில் பிடித்தால் பிடிபட்டு, தட்டினால் உதிர வேண்டும். சுண்டின் (அளக்கிற தகரக் குவளை) விளிம்பால் கொத்திக் கொத்திச் சிறுமணியாக்கி, தேங்காய்ப்பூ கலந்து நீத்துப்பெட்டியில் (அவிக்கிற பனையோலைக் கூடை) ஆவி மேலால் வந்த பிறகு பத்து நிமிசம் அவித்தால் சரி. அழுத்தி அடைக்க வேண்டாம், ஆவி போக இடம் வேணும்.

சொதிக்கு அரைத் தேங்காய் காணும். பிட்டுக்குத் துருவியதின் மிச்சத்தையே பிழியலாம். இரண்டாம் மூன்றாம் பாலில் வெங்காயம், பச்சைமிளகாய் 4, வெந்தயம் கால் தேக்கரண்டி, மஞ்சள், கறிவேப்பிலை, ஒரு உருளைக்கிழங்கு போட்டு அவியவிடுங்கோ. முதற்பாலைக் கடைசியில் விட்டு, கொதி எழும்பமுன் இறக்குங்கோ, அல்லது திரைந்துபோம். தேசிக்காய்ப்புளி (எலுமிச்சைச் சாறு) அடுப்பால் இறக்கின பிறகுதான். அடுப்பில் இருக்கப் புளி விட்டாலும் திரையும்.

நெல்லைச்சீமை:

எங்க சொதி பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் போட்டது, சோத்துக்கு ஊத்துறது. இது இன்னும் லேசா இருக்கும் போல. தேங்காய் விலை ஏறுற நேரத்துக்கு ஒரு யோசனை: சட்னிக்குத் தேங்காய் கால் மூடி, பொட்டுக்கடலை 3 ஸ்பூன், வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி. வேர்க்கடலைத் தோலைப் புடைச்சு எடுத்துடணும், இல்லைன்னா கசக்கும்.

கடலோரம்:

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டு. நாலு முட்டையில் ஒரு குடும்பத்தின் குழம்பு முடியும். வெங்காயம் 2, தக்காளி 3, மிளகாய்த்தூள் 2 டீஸ்பூன், மல்லித்தூள் 1 டீஸ்பூன், எலுமிச்சை அளவில் பாதிப் புளி, மூன்று டம்ளர் தண்ணீர். எண்ணெய் பிரிந்ததும் தீயைக் குறைத்து முட்டையை ஒரு கிண்ணத்தில் உடைத்து ஓரத்தில் மெல்லச் சரிக்க வேண்டும். ஐந்து நிமிடம் கரண்டியே போடக்கூடாது, கிளறினால் முட்டை சிதறிக் குழம்பு கலங்கும். கிண்ணத்தில் உடைப்பது எதற்கென்றால், ஒரு கெட்ட முட்டை போதும் முழுக் குழம்பையும் கொட்ட.

இன்னொன்று நெத்திலிக் கருவாடு. 50 கிராம் நாலு பேருக்குத் தாராளம். தலையைக் கிள்ளி, வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு, மூன்று தண்ணீரில் அலச வேண்டும். மணல் அடியில் தங்கும், எனவே தண்ணீரோடு கவிழ்க்காமல் கையால் அள்ளி எடுங்கள். குழம்புக்கு உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள், கருவாட்டில் உள்ள உப்பு கொதிக்கக் கொதிக்க இறங்கிக்கொண்டே இருக்கும். கத்தரிக்காய், மொச்சை சேர்த்தால் அளவும் கூடும், உப்பும் சமன்படும்.

புதுக்குடித்தனம்:

மூணாம் நாள் மாவு புளிச்சுடுது. கீழே ஊத்த மனசு வரலை. என்ன பண்றது?

கொங்குச்சமையல்:

ஊத்தவே வேண்டாம். ரெண்டு கரண்டி புது அரிசி மாவும் கொஞ்சம் ரவையும் கலந்து பத்து நிமிஷம் வெச்சு, வெங்காயம் பச்சைமிளகாய் வதக்கிப் போட்டு பணியாரம் ஊத்துங்க. குழியில எண்ணெய் சூடேறினப்புறம் முக்கால் குழி மட்டும் மாவு. மேல்பக்கம் வெந்து ஓரம் விட்டதும் திருப்புங்க. முன்னாடியே குத்தினா உள்மாவு வெளிய வழிஞ்சிடும். ஆனா மேல கறுப்பாவோ இளஞ்சிவப்பாவோ படிஞ்சிருந்தா யோசிக்காம கொட்டிடுங்க, அது புளிப்பில்லை, கெட்டுப்போனது.

காவிரிக்கரை:

மிஞ்சிய சோற்றையும் விடாதீர்கள், ஆனால் கவனம் தேவை. ராத்திரி முழுக்க அடுப்படியில் மூடி வைத்த வெறும் சோற்றில் கிருமி பெருகி நச்சு உண்டாகலாம். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. சமைத்து ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் மறுநாள் ராத்திரி புளிசாதமோ எலுமிச்சைச் சாதமோ ஆகும். 4 டம்ளர் சோற்றுக்கு எலுமிச்சை ஒன்றரைப் பழம், வேர்க்கடலை ஒரு கைப்பிடி, கடலைப்பருப்பு 1 ஸ்பூன். சோற்றை முதலில் கையால் உதிர்த்துக் கொஞ்சம் எண்ணெய் தடவி, கொதிக்கக் கொதிக்கச் சூடேற்றி, அடுப்பை அணைத்தபின் சாறு பிழியுங்கள். தீயில் பிழிந்தால் கசக்கும்.