நுவரெலியா ஈரச் சுவரில் கடற்கரை ஓவியம்: ஆலோசனை தேவை

வணக்கம். நுவரெலியாவில் 10 அடிக்கு 8 அடி ஹோல் சுவரில் நிலாவெளிக் கடற்கரையை வரைய வேண்டும். வெளிப்பக்கம் சாரல் அடிக்கும். இரண்டடிச் சதுரப் பொலித்தீனை நாலு பக்கமும் டேப் ஒட்டி 24 மணித்தியாலம் விட்டதில், சுவரைப் பார்த்த பக்கம்தான் நீர்த்துளி. ஆக, ஈரம் சுவருக்குள்ளே. கீழ் ஒன்றரை அடிக்கு உப்பும் பூத்திருக்கிறது. காய்ந்த பிரஷால் தட்டியாயிற்று (கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போகும்).

வைனில் வோல்பேப்பர் வேண்டாம்; ஈரம் அடைபட்டு ஓரம் கிளம்பும், பின்னால் பூஞ்சணம் பிடிக்கும். ஓவியத்தின் மணல் பகுதிக்கு நிஜ மணலே, அதுவும் கழுவிய ஆற்று மணல்தான். கடற்கரை வரையக் கடல் மணல் ஆகாது, அதன் உப்பு ஈரத்தை இழுக்கும்!

வெளி வெடிப்பை அடைத்தபின் எத்தனை வாரம் காயவிட்டு சீலர் (பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடிக்கலாம்? மேலே வார்னிஷ் இல்லாமல் அக்ரிலிக் பெயின்ட் நிற்குமா? மலையகத்தில் செய்தவர்கள் சொல்லுங்கள்.