வாக்குச்சாவடி வாரியாக முடிவு வெளியாவதைத் தவிர்க்க வழி உண்டா?

கேள்வி:
எங்கள் ஊரில் ஒரே வாக்குச்சாவடிதான். எந்தக் கட்சிக்கு இங்கே எத்தனை வாக்கு விழுந்தது என்பது எண்ணிக்கை முடிந்த கையோடு ஊரெல்லாம் தெரிந்துவிடுகிறது. பிறகு குடிநீர்க் குழாய் கேட்டுப் போனாலும், "உங்கள் பூத்தில் எங்களுக்கு எவ்வளவு விழுந்தது?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். தனி மனிதரின் வாக்குக்கு உள்ள இரகசியம் ஒரு காலனியின் வாக்குக்கு வேண்டாமா? விவரம் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
வாக்குச்சீட்டுக் காலத்தில் வழி இருந்தது. வாக்காளர்கள் மிரட்டப்படவோ பழிவாங்கப்படவோ கூடும் என்று தேர்தல் ஆணையம் கருதும் தொகுதிகளில், எல்லாப் பெட்டிகளின் சீட்டுகளையும் கலந்த பிறகே எண்ணலாம் என்கிறது 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளின் 59ஏ விதி. இயந்திரத்தில் அப்படிக் கலக்க முடிவதில்லை. வாக்குகள் பதிவாகியிருக்கும் கட்டுப்பாட்டுக் கருவியின் முத்திரையை வேட்பாளர்களின் முகவர்களுக்குக் காட்டி, முடிவுப் பொத்தானை அழுத்தியதும் வேட்பாளர் வாரியாக எண்கள் திரையில் வரும். கம்பி வலைக்கு இப்பால் இருக்கும் முகவர்கள் அவற்றைத் தாளில் குறித்துக்கொள்வார்கள். பின்னர் படிவம் 20 என்ற முடிவுத் தாளில் அவையே அதிகாரபூர்வமாக வெளியாகின்றன. பல கருவிகளை இணைத்துக் கூட்டுத்தொகையை மட்டும் காட்டும் டோட்டலைசரை ஆணையம் 2008இல் முன்மொழிந்தது. சட்ட ஆணையமும் 2015இல் தன் 255ஆவது அறிக்கையில் அதை ஆதரித்தது. மத்திய அரசுதான் ஏற்கவில்லை.

மறுமொழி 2:
தங்கள் குறை நியாயமானது. ஆயினும் டோட்டலைசரை என்னால் முழுமனதுடன் வரவேற்க முடியவில்லை. வாக்குப்பதிவு முடிந்ததும் முகவருக்குத் தரப்படும் படிவம் 17சியில் உள்ள மொத்த வாக்கும், எண்ணும் நாளில் அதே கருவி காட்டும் மொத்தமும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதே சிறு கட்சிகளுக்கும் சுயேச்சைகளுக்கும் கைவசமுள்ள எளிய சோதனை. ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் 5 சாவடிகளின் விவிபாட் சீட்டுகளை (யாருக்கு வாக்கு விழுந்தது என்று இயந்திரம் அச்சிடும் தாள்சீட்டுகளை) எண்ணி ஒப்பிடுமாறு உச்ச நீதிமன்றம் 2019இல் கூறியதும் சாவடிக் கணக்கு தனியே இருப்பதால்தான் நடக்கிறது. கூட்டுத்தொகை மட்டும் இருந்தால் பிழை எந்தக் கருவியில் என்று எப்படித் தேடுவது?

மறுமொழி 3:
இரகசியம், சரிபார்ப்பு இரண்டையும் காக்கலாம் என்று கருதுகிறேன். ஒவ்வொரு கருவியிலும் பதிவான மொத்த வாக்கை மட்டும் முகவர்கள் முன்னிலையில் சரிபார்த்துவிட்டு, வேட்பாளர் வாரியான எண்ணைக் கூட்டாகக் காட்டலாம். தனி விவரம் கருவியின் நினைவகத்திலேயே இருக்கட்டும். தேர்தல் வழக்கு வந்தால் நீதிமன்றம் பார்க்கட்டும். விவிபாட் ஒப்பீட்டுக்காகக் குலுக்கலில் வரும் 5 சாவடிகளின் விவரம் வெளியே தெரியும் என்பதை ஏற்கத்தான் வேண்டும். மிகச் சிறிய சாவடிகளையாவது உடனே சேர்த்து எண்ண வேண்டும்: 2024 மக்களவைத் தேர்தலில் அருணாசலப் பிரதேசத்தின் மலோகாமில் ஒரே ஒரு வாக்காளருக்காகச் சாவடி அமைத்தார்கள், அங்கே சாவடியின் முடிவு என்பது அந்த ஒருவரின் வாக்கேயல்லவா? 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 169ஆவது பிரிவுப்படி இந்த விதிகளைத் திருத்தும் அதிகாரம் மத்திய அரசிடம் இருப்பதால், தாங்கள் ஆணையத்துக்கு எழுதும் மனுவின் படியைச் சட்ட அமைச்சகத்துக்கும், தொகுதியின் மக்களவை உறுப்பினருக்கும் அனுப்புங்கள்.