குளவி அட்டை கட்டியும் மக்காச்சோளத்தில் புழு குறையவில்லை, ஏன்?

மண்வெட்டி:
மக்காச்சோளம் முளைத்து 25 நாள் ஆகிறது. குருத்தில் படைப்புழு. மருந்தடிக்க மனமில்லாமல் டிரைக்கோகிரம்மா என்ற குளவி வளர்கிற முட்டை ஒட்டிய அட்டை வாங்கி, துண்டு துண்டாக வெட்டி இலையில் ஸ்டேப்ளர் அடித்தேன். எட்டு நாள் ஆயிற்று. குருத்தை விரித்தால் ஈர மரத்தூள் மாதிரி எச்சம், உள்ளே புழு சொகுசாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு குளவியைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை. அட்டையே போலியா?

வரப்போரம்:
தம்பி, கூடு கட்டுகிற குளவியை நினைத்துக்கொண்டு தேடினால் கிடைக்காது. இது அரை மில்லிமீட்டர்தான், ஆளைக் கொட்டாது. அந்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும், அதிலிருந்து புழுவுக்குப் பதில் குளவி வெளியே வரும். அதன் வேலை அவ்வளவுதான். குருத்துக்குள் போய்விட்ட புழுவை அது திரும்பியும் பார்க்காது. நானும் முதல் தடவை புழுவைப் பார்த்த பிறகுதான் அட்டை கட்டினேன், காசும் போச்சு, குருத்தும் போச்சு.

அட்டை நல்லதா என்று பார்க்க ஒரு துண்டைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, வாயில் துணி கட்டி வையுங்கள். அதில் ஒட்டியிருப்பது கார்சிரா என்ற வேறொரு அந்துப்பூச்சியின் முட்டை. கறுத்திருந்தால் உள்ளே குளவி வளர்கிறது. வெளுப்பாகவே இருந்தால் வாங்கிய இடத்தில் கேளுங்கள்.

மண்வெட்டி:
மிச்சத் துண்டு குளிர்பெட்டியில் இருந்தது, எடுத்துப் பாட்டிலில் போட்டேன். இன்று காலை வெளிச்சம் விழுந்த பக்கம் மிளகுத்தூள் தூவியதுபோல் இருந்தது. உற்றுப் பார்த்தால் தூள் நடக்கிறது! ஆனால் வயலில் கட்டிய அட்டையில் பாதி முட்டையைக் காணோம். எறும்பு வரிசை போட்டிருக்கிறது. அப்புறம், அசுவினிப் பூச்சிக்கு நடுவில் ஒரு தடவை மருந்தும் அடித்துவிட்டேன்...

வரப்போரம்:
அப்படிச் சொல்லுங்கள். எறும்பு விட்டதை மருந்து முடித்துவிட்டது. அட்டையை மாலையில், இலையின் அடிப்பக்கமாகக் கட்டுங்கள். பொரிகிற நாளுக்குச் சற்று முன்னால் கட்டினால் எறும்புக்கு அவகாசம் கிடைக்காது. முன்னும் பின்னும் பூச்சிமருந்து ஆகாது.

இலைச்சுருள்:
இன்னொன்றும் இருக்கிறது. படைப்புழுத் தாய்ப்பூச்சி முட்டையை அடுக்கடுக்காகக் குவித்து, மேலே தன் செதிலை மயிர்ப்போர்வைபோலப் போர்த்திவிடும். டிரைக்கோகிரம்மாவால் பெரும்பாலும் மேலடுக்கைத்தான் எட்ட முடியும். டெலினோமஸ் ரீமஸ் என்று இன்னொரு முட்டைக் குளவி உண்டு, அது அடியடுக்கு வரை நுழைந்து போகும். கிடைத்தால் அதையே விடுங்கள்.

மண்வெட்டி:
சரி, எப்போது விடுவது? முட்டை இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடுகிறதே.

வரப்போரம்:
பயிர் முளைத்ததும், பெண் அந்தின் வாசனை காட்டி ஆணை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைத்துவிடுங்கள். ஆண் அந்து விழத் தொடங்கினாலே முட்டை வரப்போகிறது என்று அர்த்தம். அன்றே முதல் அட்டை, அப்புறம் வாராவாரம். இப்போது குருத்தில் இருப்பதைக் கையால் பொறுக்கி நசுக்குவதுதான் வழி. செதில் போர்த்திய குவியல் கண்ணில் பட்டால் நசுக்காதீர்கள். இலையோடு கிள்ளி அதே பாட்டிலில் போடுங்கள், நாலு நாளில் கறுக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.