மண் ஆய்வகத்தில் முதலில் எதை வாங்குவது?

தேரிக்காட்டான்:
புவியியல் துறையில் சேர்ந்து எட்டு மாதமாகிறது. இயற்புவியியல் ஆய்வகம் என்று எனக்குக் கொடுத்த அறையில் வான்படம் பார்க்கும் ஆறு ஸ்டீரியோஸ்கோப்புகளும் ஒரு பீரோவும்தான் இருக்கின்றன. தேரி என்னும் செம்மணல் மேட்டு மணலையும் குளத்து மண்ணையும் மாணவர்கள் தங்கள் கையாலேயே பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. இருக்கும் பணத்தையெல்லாம் போட்டு லேசர் துகள் அளவி வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பழைய சல்லடை:
வேண்டாம் தம்பி. முப்பது ஆண்டுகள் ஆய்வக உதவியாளராக இருந்தவன் சொல்கிறேன். முதலில் ஓவன், நல்ல தராசு, 2 மி.மீ. முதல் 63 மைக்ரான் வரை சல்லடை அடுக்கு. கடைசிச் சல்லடையில் நிற்பது மணல்; அதைத் தாண்டி இறங்குவது வண்டலும் களியும். கடைசிச் சல்லடையைப் பூட்டி வைத்துச் சாவியை உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சிக்கிய மணலை ஒரு மாணவர் ஊசியால் குத்தி எடுக்கப்போய் எங்கள் வலை கிழிந்தது. யாரும் கவனிக்கவில்லை. அந்த ஆண்டு எங்கள் ஆற்றில் திடீரென்று வண்டல் பெருகிவிட்டது!

களியை அளக்க, மண் கலந்த நீரின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரும் 1,000 மி.லி. அளவுருளைகளும் போதும். தண்ணீரில்தான் வம்பு. ஒருமுறை காய்ச்சி வடித்த நீர் தீர்ந்துபோக, போர்வெல் தண்ணீரை ஊற்றிவிட்டார்கள். களித் துகள்களை ஒட்டாமல் பிரித்து வைக்கும் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட்டும் சேர்க்கவில்லை. உப்புத் தண்ணீரில் களி திரண்டுவிடும். காலையில் வந்து பார்த்தால், மேலே கண்ணாடிபோல் தெளிந்த நீர், அடியில் திரிந்த பால் மாதிரி கசடு. கணக்குப்படி அந்தக் குளத்து மண்ணில் களியே கிடையாது. ஊரார் அந்த மண்ணில்தான் பானை செய்துகொண்டிருந்தார்கள்.

கோடைமழை:
ஐயா சொன்னவற்றோடு ஒரு தெர்மாமீட்டரும் வாங்குங்கள். களியின் மேல் எல்லையான 2 மைக்ரான் துகள் தண்ணீரில் 10 செ.மீ. இறங்க 20 டிகிரியில் ஏறக்குறைய 8 மணி நேரமாகும். 30 டிகிரியில் 6 மணி நேரத்தைச் சற்றே தாண்டும். நம் ஊர் ஏப்ரலில், குளிர்நாட்டுப் புத்தகத்தின் நேரப்படி பிப்பெட்டில் உறிஞ்சினால், களியில் ஒரு பங்கு அதற்குள் கீழே இறங்கியிருக்கும்; களி குறைவாகத்தான் வரும். நான் ஓர் ஆய்வேட்டையே இப்படித் திருத்தி எழுதியிருக்கிறேன்.

தேரிக்காட்டான்:
லேசரைக் கைவிட்டேன், ஐயா. தேரி மணலைத் தொட்டாலே விரல் சிவக்கிறது. கழுவிவிட்டுச் சலிக்கவா?

பழைய சல்லடை:
அந்தச் சிவப்பு, மணலின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடு. முதலில் ஓவனில் 105 டிகிரியில் காயவைத்து எடை போட்டுக்கொள்ளுங்கள். பிறகு 63 மைக்ரான் சல்லடை மேல் வைத்துக் கழுவுங்கள். கீழே ஒரு வாளி இருக்கட்டும். செந்நீர்தானே என்று தொட்டியில் கொட்டிவிடாதீர்கள். வண்டலும் களியும் அதில்தான் இருக்கின்றன.